ஐந்து கட்டம், காலண்டர் தாள், ஒரு மாங்காய்

வணக்கம். காவேரிப்பட்டணத்திலிருந்து பேசுகிறேன். இது எங்கள் வீட்டு மொட்டை மாடி. ஆறு மணிக்கு டியூஷன் பிள்ளைகள் வந்துவிடுவார்கள், அதற்குள் பேசி முடித்துவிடுகிறேன்.

போன வாரம் நிறையப் பேர் கேட்டது ஒரே கேள்விதான். "அக்கா, ஐந்து எழுத்து ஆங்கிலச் சொல், அதில் இந்த மூன்று எழுத்து இருக்க வேண்டும் என்கிறார்கள். எப்படிக் கண்டுபிடிப்பது?" சிலருக்குப் பிள்ளையின் வீட்டுப்பாடம், சிலருக்குப் போட்டித் தேர்வு. பாதிப் பேர் வேர்டில் விளையாடுகிறவர்கள். அதான், ஐந்து கட்டத்தை ஆறு வாய்ப்புக்குள் நிரப்புகிற விளையாட்டு. ஜோஷ் வார்டில் என்பவர் செய்தது, 2022-இல் நியூயார்க் டைம்ஸ் அதை வாங்கியது.

பெரும்பாலும் நாம் செய்வது என்ன? காலிக் கட்டத்தில் ஏ, பி, சி என்று வரிசையாக வைத்துப் பார்ப்போம். நானும் பல வருஷம் அப்படித்தான் செய்தேன். நான் படித்த ஒரு பயிற்சி மையத்தில் அகர வரிசையில் சொற்பட்டியல் கொடுத்து மனப்பாடம் செய்யச் சொன்னார்கள். செய்தேன். தேர்வில் நடு எழுத்தை மட்டும் கொடுத்துக் கேட்டபோது ஒன்றுமே வரவில்லை. முதல் எழுத்தைப் பிடித்துப் படித்தது முதல் எழுத்து இல்லாவிட்டால் உதவாது.

எழுத்தைத் தேடாதீர்கள், அது உட்காரும் இடத்தைத் தேடுங்கள். இது நமக்குப் புதிதே இல்லை. தமிழ்ச் சொல் ழகரத்தில் தொடங்குமா? ளகரத்தில்? தொடங்காது. எந்த எழுத்து சொல்லுக்கு முதலில் வரும், எது கடைசியில் வரும் என்று தொல்காப்பியம் தனியாகவே பேசுகிறது. ரகரமும் லகரமும் முதலில் வராது என்பதால்தான் பழைய நோட்டில் தாத்தா இராமன், இலட்சுமி என்று எழுதியிருப்பார். ஆங்கிலத்திலும் இப்படி வழக்கம் உண்டு, யாரும் நமக்குச் சொல்லித்தரவில்லை, அவ்வளவுதான்.

சரி, இங்கே கீழே பாருங்கள். கேமராவைக் கொஞ்சம் இறக்குகிறேன். தினசரி காலண்டர் தாளைச் சதுரமாக வெட்டி, பின்பக்கம் ஸ்கெட்ச் பேனாவில் எழுதியது. ஏ, ஜி, எம், என், ஓ. இந்த ஐந்தையும் வைத்து ஐந்து எழுத்துச் சொல். நேற்று ஏழாம் வகுப்புப் பாப்பா ஒருத்தி இதோடு அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தாள்.

முதலில் என், ஜி இரண்டையும் ஒட்டி வையுங்கள். இது நம்முடைய ங். சங்கு, தங்கம் என்று சொல்லும்போது வருகிற அதே ஒலி. நம்மிடம் ங் நடுவில் வரும், முதலில் வராது. ஆங்கிலத்திலும் என்-ஜி சேர்ந்து சொல்லைத் தொடங்காது. அப்போது முதல் இடம் போய்விட்டது. மிச்சம் மூன்று இடம்தான்.

இரண்டாவது மூன்றாவது கட்டத்தில் வைத்தால்? முன்னால் ஒரே எழுத்து, பின்னால் இரண்டு. ஆங்மோ, ஓங்மா... ஒன்றும் ஒட்டவில்லை. தள்ளுங்கள். கடைசி இரண்டு கட்டத்தில் வைத்தால்? முன்னால் ஏ, எம், ஓ. ஏ-எம்-ஓ-என்-ஜி. அமங்! "இவர்களுக்கு நடுவே" என்கிறோமே, அந்தச் சொல். பாப்பா இதைக் கண்டுபிடித்ததும் கைதட்டிவிட்டு எழுந்துவிட்டாள்.

உட்காரு கண்ணு, இன்னும் ஒரு இடம் பாக்கி இருக்கிறது என்றேன். மூன்றாவது நான்காவது கட்டம். முன்னால் இரண்டு, பின்னால் ஒன்று. எம்-ஏ, என்-ஜி, அப்புறம் ஓ.

மேங்கோ. அவள் இன்னொரு கையில் உப்பு மிளகாய்த்தூள் தடவிய கிளிமூக்கு மாங்காய்த் துண்டு. கிருஷ்ணகிரி மாவட்டத்தில் பிறந்த பிள்ளை, ஊரைச் சுற்றி மாந்தோப்பு, கூழ் தொழிற்சாலைக்கு வண்டி வண்டியாகப் போகிற காயைத் தினமும் பார்க்கிறாள். அந்தச் சொல் அவள் காலடியில் கிடந்தது. அந்தச் சொல்லே நம் பக்கத்து மாங்காய்தான். போர்த்துகீசியர் வாயில் மாங்கா ஆகி, அங்கிருந்து ஆங்கிலத்துக்குப் போனது. இதைச் சொன்னபோது அவள் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

ஒரு விடை கிடைத்ததும் நிறுத்தாதீர்கள், எல்லா இடத்தையும் பார்த்து முடியுங்கள் என்று நான் சொல்வது இதற்காகத்தான்.

அப்புறம், எந்த எழுத்திலிருந்து தொடங்குவது? அரிதான எழுத்திலிருந்து. எழுத்து வில்லைகளை அடுக்கிச் சொல் கட்டுகிற ஸ்க்ராபிள் விளையாட்டை உருவாக்கிய ஆல்ஃபிரட் பட்ஸ், செய்தித்தாளில் எந்த எழுத்து எத்தனை முறை வருகிறது என்று எண்ணித்தான் மதிப்பெண் வைத்தார். ஈ எழுத்துக்குப் பன்னிரண்டு வில்லை, ஒவ்வொன்றுக்கும் 1 மதிப்பெண். க்யூவுக்கு ஒரே வில்லை, 10 மதிப்பெண். ஈ எங்கு வேண்டுமானாலும் உட்காரும், அதைப் பிடித்தால் ஒன்றும் தெரியாது. க்யூ வந்தால் அடுத்த கட்டம் யூ என்று கிட்டத்தட்ட எழுதியே விடலாம். வி எழுத்தும் அப்படி உதவும். ஆங்கிலச் சொல் வியில் முடிய விரும்பாது. ஹேவ், கிவ், லவ் எல்லாவற்றின் கடைசியிலும் சத்தமில்லாத ஓர் ஈ இருக்கிறதல்லவா, அது அதற்குத்தான். ஐந்து கட்டத்தில் நான்காவது வி என்றால், ஐந்தாவது பெரும்பாலும் ஈ.

வேர்டிலில் முதலிலேயே நான்கு உயிரெழுத்தைத் தீர்த்துவிட ஆடியோ என்று போடுகிறவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. ஸ்கூல் என்ற சொல்லில் உயிரெழுத்தை எடுத்துவிடுங்கள். எஸ், சி, எச், எல். யாரும் கண்டுபிடித்துவிடுவார்கள். மெய்யை எடுத்துவிடுங்கள். ஓ, ஓ. அதை வைத்து என்ன செய்வது? மெய்தான் எலும்பு. எஸ், டி, ஆர், என், எல் இருக்கிற சொல்லை முதலில் போடுங்கள்.

உயிரே இல்லாததுபோல் தெரிந்தால் பயப்பட வேண்டாம், ஒய் இருக்கிறதா பாருங்கள். ரிதம்: ஆர், எச், ஒய், டி, எச், எம். ஆறு எழுத்து, ஏ ஈ ஐ ஓ யூ ஒன்றுகூட இல்லை. ஒய்தான் அங்கே உயிர்.

கீழே கேட் திறக்கிற சத்தம், பிள்ளைகள் வந்துவிட்டார்கள். இன்றைக்கு அவர்களுக்குக் கொடுக்கப்போவதையே உங்களுக்கும் கொடுக்கிறேன். ஒன்பது எழுத்து. உயிரெழுத்து ஏ மட்டும், நான்கு தடவை. மெய் ஐந்து: சி, டி, எம், ஆர், என். டீக்கடை டி. இதுவும் தமிழிலிருந்து போனதுதான், மிதக்கும். காலண்டர் தாளை வெட்டிக்கொண்டு உட்காருங்கள், விடையை நாளைக்குச் சொல்கிறேன்.