நல்லாப் பாடுற ஆளு வேணும்னே மோசமாப் பாடினா எத்தனை மார்க்? | அரியானா கிராண்டேவும் நம்ம ஊர்க் கட்டியங்காரனும்

வணக்கம் மக்களே!

ஒரு கல்யாண வரவேற்பு. மணப்பெண்ணின் தோழிகள் மைக்கைப் பிடித்துக்கொண்டு வரிசையாக நிற்கிறார்கள். கல்யாணத்துக்கு முன்னால் பெண்ணைக் கூட்டிக்கொண்டு போன ஜாலி ட்ரிப்பில் என்ன நடந்தது என்று பாட்டாகப் பாடுகிறார்கள். மாப்பிள்ளை பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறார். பாட்டில் மெல்ல ஒரு பெயர் வருகிறது: டொமிங்கோ. யார் இந்த டொமிங்கோ? மாப்பிள்ளை முகம் மாறுகிறது. கொஞ்ச நேரத்தில் டொமிங்கோவே நேரில் வந்து நிற்கிறான்.

இது ஒரு அமெரிக்க டிவி நிகழ்ச்சியில் வந்த நகைச்சுவை நாடகம். இதில் எனக்குக் கதை முக்கியமில்லை. அந்தத் தோழிகளில் ஒருத்தி அரியானா கிராண்டே. விசில் அடிப்பது போல உச்சத்தில் போய் நிற்கிற குரல்காரர். அவர் அங்கே சுருதி சேராமல், மூச்சு தப்பி, காது கூசுகிற மாதிரி பாடுகிறார். அந்த ராத்திரியில் அவர் செய்த மிகப் பெரிய காரியம் அதுதான் என்பது என் கட்சி. ஏன் என்று சொல்கிறேன்.

அந்தத் துணுக்கை இங்கே போட முடியாது, காப்புரிமைக்காரர்கள் வந்துவிடுவார்கள். நானே பாடிக் காட்டலாம் என்றால் கேமராவுக்குப் பின்னால் இருக்கிற தம்பி கையெடுத்துக் கும்பிடுகிறான்.

[திரையில்: சேலம், அஸ்தம்பட்டி, ஞாயிறு காலை]

இப்போது போரடிக்கிற பகுதி. வேகமாக முடித்துவிடுகிறேன். நிகழ்ச்சியின் பெயர் சாட்டர்டே நைட் லைவ். அமெரிக்காவின் என்பிசி தொலைக்காட்சியில் 1975 அக்டோபர் 11-ல் தொடங்கியது. நியூயார்க்கில் 8எச் என்கிற ஸ்டுடியோவிலிருந்து சனிக்கிழமை இரவு 11:30-க்கு நேரலை. ஒன்றரை மணி நேரம். வாரா வாரம் ஒரு பிரபலம் வந்து தொகுத்து வழங்குவார், அங்கே இருக்கிற நிரந்தர நடிகர்களோடு சேர்ந்து நகைச்சுவை நாடகங்களிலும் நடிப்பார். நான் சொன்ன எபிசோடு 2024 அக்டோபர் 12. ஐம்பதாவது சீசன். நமக்கு அது ஞாயிறு காலை 9 மணி. சேலத்தில் பாதிப் பேர் கறிக்கடை வரிசையில் நிற்கிற நேரம். சரி, பின்னணி முடிந்தது.

தம்பி கேட்கிறான்: "அக்கா, லொள்ளு சபா மாதிரியா?"

கிட்டத்தட்ட. ஆனால் லொள்ளு சபா படம் பிடித்து, வெட்டி ஒட்டி வந்தது. இங்கே வெட்டுவதற்கு வழியே கிடையாது. திங்கட்கிழமை எழுத்தாளர்கள் விருந்தாளியைச் சந்திக்கிறார்கள். செவ்வாய் இரவு முழுக்க எழுதுகிறார்கள். புதன்கிழமை எல்லோரும் மேசையைச் சுற்றி உட்கார்ந்து சத்தமாகப் படிக்கிறார்கள். பாதிக்கு மேல் அங்கேயே குப்பைக்குப் போகிறது. சனிக்கிழமை ராத்திரி 8 மணிக்கு, வேறொரு கூட்டத்தை உட்கார வைத்து, முழு ஒத்திகை. அதில் சிரிப்பு வராததையும் தூக்கி எறிந்துவிட்டு, 11:30-க்கு நேரலை. நிகழ்ச்சி தயாராகிவிட்டதா என்று கடிகாரம் கேட்காது.

இங்கே ஒரு சமாச்சாரம். "அவங்க எதிர்ல இருக்கற ஆளையே பார்க்க மாட்டேங்கறாங்களே, எங்கேயோ பார்க்கறாங்களே" என்று பலர் குறை சொல்வதைப் பார்த்திருக்கிறேன். உண்மைதான், எங்கேயோதான் பார்க்கிறார்கள். வசனம் முழுக்கப் பெரிய வெள்ளை அட்டைகளில் கையால் எழுதி, கேமராவுக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். ஒத்திகைக்கும் நேரலைக்கும் நடுவில் வசனம் மாறிக்கொண்டே இருக்கும். மனப்பாடம் செய்தால் பழைய வசனம்தான் வாயில் வரும், அதனால் அட்டையை நம்பித்தான் ஆக வேண்டும். ஆகவே பாப் பாடகர் ஒருவரை மதிப்பிடும்போது "அட்டையைப் பார்த்தார்" என்று மார்க்கைக் குறைக்காதீர்கள். அட்டையைப் பார்த்துக்கொண்டே எதிரில் இருப்பவரோடு பேசுகிற மாதிரி தெரிந்ததா என்று பாருங்கள். அதற்குத்தான் மார்க்.

இனி நான் நிஜமாகவே பேச வந்த விஷயம். இதைச் சொல்லத்தான் இந்த வீடியோவே. கொஞ்சம் நீளமாகப் போகும், ஸ்கிப் பண்ணாதீர்கள்.

நம்ம சேலம் மாவட்டத்துக் கிராமங்களில் தெருக்கூத்து பார்த்திருக்கிறீர்களா? பார்த்தவர்கள் கமெண்டில் ஊர்ப் பெயரைப் போடுங்கள். பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். துரியோதனன் வருகிறான் என்று வையுங்கள். உடனே வந்துவிட மாட்டான். இரண்டு பேர் ஒரு துணியைத் திரையாகப் பிடிப்பார்கள். அவன் திரைக்குப் பின்னாலிருந்தே பாடுவான். கிரீடத்தின் உச்சி தெரியும். புஜக்கட்டை தெரியும். கால் சலங்கை கேட்கும். கூட்டம் எட்டி எட்டிப் பார்க்கும். திரை விலகியதும் அவன் ஆடுகிற ஆட்டத்தில் மண் பறக்கும். முகவீணையும் மிருதங்கமும் சேர்ந்து அவனைத் தூக்கி நிறுத்தும்.

இவ்வளவு தடபுடலும் முடிந்தபின் கட்டியங்காரன் பக்கத்தில் போவான். அவனுக்குக் கிரீடமும் கிடையாது, புஜக்கட்டையும் கிடையாது. போய், நீங்க யாரு, எந்த ஊரு, இந்நேரத்துல இங்க என்ன வேலை என்று ஆரம்பிப்பான். அஸ்தினாபுரத்து ராஜா தன் பெருமையைச் சொல்லச் சொல்ல, இவன் ஒவ்வொரு வரிக்கும் ஒரு குத்து விடுவான். ரேஷன் கடை, டவுன் பஸ், உள்ளூர் பிரசிடெண்ட் எல்லாம் மகாபாரதத்துக்குள் வந்துவிடும். ராஜா சொந்தப் பேச்சில் சிரித்துவிடக் கூடாது, இவன் சிரிக்க வைக்காமல் விடக் கூடாது. விடிய விடியக் கூத்து நடக்கிறதே, தூக்கம் வராமல் கூட்டத்தைப் பிடித்து வைத்திருப்பது யார் என்று நினைக்கிறீர்கள்? ராஜா உள்ளே போய் வேஷத்தைச் சரிசெய்யும் நேரத்திலும் இவன்தான் நிற்கிறான். கதையை இணைக்கிறவன் இவன். அடுத்து யார் வருகிறார் என்று அறிவிக்கிறவன் இவன். தேவைப்பட்டால் காவல்காரனாக, தூதனாக அவசரத்துக்கு எந்த வேஷத்துக்கும் மாறுகிறவனும் இவனே. கூத்தில் ரொம்பக் கஷ்டமான வேலை இவனுடையது என்று நான் எந்த மேடையிலும் சண்டை போடுவேன்.

இப்போது நியூயார்க்குக்கு வாங்க. வாத்தியக்குழு முழங்குகிறது, கதவு திறக்கிறது, பாப் நட்சத்திரம் இறங்கி வருகிறார், கூட்டம் அலறுகிறது. இது திரை விலகும் காட்சி. ராஜா வந்துவிட்டார். முதல் சில நிமிடம் மேடையில் தனியாக நின்று தன்னைப் பற்றிப் பேசலாம். அதற்குப் பிறகு கிரீடத்தைக் கழற்றி வைத்துவிட்டு, மீதி நேரம் முழுக்கக் கட்டியங்காரனாக வேலை பார்க்க வேண்டும். பெரும்பாலான பாடகர்கள் சறுக்குவது இந்த இடத்தில்தான். கிரீடத்தைக் கழற்ற மனசு வராது. அழகாக நிற்பார்கள், அழகாகச் சிரிப்பார்கள். நாடகம் அவர்களைச் சுற்றி நடக்கும். அவர்களை எடுத்துவிட்டு வேறு யாரையாவது வைத்தாலும் அந்த நாடகம் அப்படியே நடந்திருக்கும்.

என் அளவுகோல் இவ்வளவுதான்: இவரைத் தவிர வேறு யார் வந்திருந்தாலும் அந்தக் காட்சி படுத்திருக்குமா?

கிரீடத்தை முதலில் கழற்றியவர்களில் ஒருவர் பாடகர் பால் சைமன். நிகழ்ச்சியின் இரண்டாவது வாரத்தையே அவர்தான் தொகுத்து வழங்கினார். 1976 நவம்பரில் மறுபடி வந்தார். தேங்க்ஸ்கிவிங் பண்டிகை நேரம். முழு வான்கோழி வேஷம் போட்டுக்கொண்டு, தன்னுடைய உருக்கமான பாட்டு ஒன்றை முகத்தைச் சீரியஸாக வைத்துக்கொண்டு பாடத் தொடங்கினார். நடுவில் நிறுத்தி, இதெல்லாம் ஒரு வேஷமா என்று புலம்பினார். நினைத்துப் பாருங்கள், அந்தக் காலத்து உச்ச நட்சத்திரம், இறகோடு.

ஜஸ்டின் டிம்பர்லேக்கும் அந்த வழிதான். 2003-லிருந்து 2013-க்குள் ஐந்து முறை தொகுத்து வழங்கினார். டெய்லர் ஸ்விஃப்ட் 2009-ல் வந்தபோது ஆரம்பப் பேச்சைத் தானே பாட்டாக எழுதிக்கொண்டு வந்தார், தன்னைத்தானே கிண்டல் செய்து. நல்ல புத்திசாலித்தனம். ஆனால் பாருங்கள், அது ராஜாவே கட்டியங்காரனின் கேள்வியையும் கேட்டுக்கொண்ட மாதிரி. பாதுகாப்பான விளையாட்டு.

அரியானாவுக்கு வருவோம். முதல் முறை தொகுத்து வழங்கியது 2016 மார்ச். அதில் ஒரு நாடகம்: ஆன்லைனில் பாட்டு கொடுக்கிற கம்பெனியில் சிஸ்டம் படுத்துவிடுகிறது. அங்கே பயிற்சிக்கு வந்த பெண், பாட்டு நிற்காமல் இருக்க, பிரிட்னி ஸ்பியர்ஸ், ரிஹானா, ஷகிரா, செலின் டியான், விட்னி ஹூஸ்டன் என்று ஒவ்வொருவர் குரலிலும் தானே பாடி ஒப்பேற்றுகிறாள். என் அளவுகோலில் இது தேறுகிறது. வேறு யாரை வைத்தும் அந்த நாடகத்தை எடுக்க முடியாது.

ஆனால் கவனியுங்கள், இது இன்னும் ராஜா ஆடுகிற ஆட்டம்தான். "பார், என்னால் எல்லோர் குரலிலும் பாட முடியும்." கூட்டம் சிரிக்கிறது என்பதைவிட வாய் பிளக்கிறது.

2024-ல் அவர் பாட வரவேயில்லை. அன்றைக்குப் பாட்டுக்கென்று வந்த பாடகி ஸ்டீவி நிக்ஸ். அரியானா தொகுத்து வழங்க மட்டும் வந்தார். ஆரம்பப் பேச்சிலேயே, பாட மாட்டேன் என்று சொல்லிக்கொண்டே பாடினார். செலின் டியானாக வந்து குத்துச்சண்டை மாதிரியான சண்டைப் போட்டிக்கு உருகி உருகி விளம்பரம் செய்தார். இன்னொன்றில் ஒரு நடிகையின் கண்ணாடி பிம்பமாக எதிரே நின்றார். எல்லாம் நன்றாக இருந்தன. பிறகு அந்தக் கல்யாணப் பாட்டு.

பாடத் தெரியாதவர் அபஸ்வரமாகப் பாடுவது இயல்பு. அதில் சிரிப்பு ஒரு நிமிடம் தாங்கும். பாடத் தெரிந்தவர் அதைச் செய்வதற்குச் சரியான ஸ்வரம் எங்கே இருக்கிறது என்று துல்லியமாகத் தெரிந்திருக்க வேண்டும், அதற்கு ஒரு இழை கீழே போய் நின்று, அங்கேயே உறுதியாக நிற்க வேண்டும். ரொம்ப விலகினால் கோமாளித்தனம் ஆகிவிடும். கொஞ்சமாக விலகினால் நன்றாகப் பாடுவது போல ஆகிவிடும். அந்த நூலிடையில் நின்றுகொண்டு, "நான் அருமையாகப் பாடுகிறேன்" என்கிற நம்பிக்கையை முகத்தில் வைத்திருக்க வேண்டும். அந்தப் பெண் தன்னைக் கேலி செய்யவில்லை. தோழிக்கு நல்லது செய்வதாக மனதார நம்புகிறாள். அவளுக்குப் பக்கத்தில் நிற்கிற மற்ற நடிகைகளைவிட ஒரு துளிகூட முன்னால் வந்துவிடக் கூடாது. உலகப் புகழ் பெற்ற குரலை மற்ற சாதாரணக் குரல்களோடு கரைத்துவிட்டார். கிரீடம் கழன்றது என்று நான் சொல்வது இதைத்தான். அந்த நாடகம் எவ்வளவு பேசப்பட்டது என்றால், 2025 பிப்ரவரியில் நடந்த ஐம்பதாம் ஆண்டு விழாவில் டொமிங்கோ மறுபடி வந்தான். தோழிகள் பாடியது சப்ரீனா கார்ப்பென்டர் என்கிற பாடகியின் பாட்டு மெட்டில்தான். அவரும் கூடவே வந்தார்.

நியாயமாக இன்னொன்றும் சொல்ல வேண்டும். அரியானாவை வெறும் பாடகியாக நினைத்து மற்றவர்களோடு ஒப்பிடுவது கொஞ்சம் அழுகுணி ஆட்டம். ஆல்பம் வருவதற்கு முன்பே பிராட்வே மேடையில் நடித்தவர், குழந்தைகள் சேனலில் காமெடித் தொடரில் வருடக்கணக்கில் நடித்தவர். நகைச்சுவைக்கு எப்போது நிறுத்த வேண்டும் என்று அவருக்கு முன்பே தெரியும்.

நம்ம ஊரில் பாதை தலைகீழ். சிவகார்த்திகேயன் மிமிக்ரி மேடையிலிருந்து வந்து, தொகுப்பாளராகி, நடிகராகி, அப்புறம் பாடவும் செய்தார். பாடகர்களை நாம் என்ன செய்கிறோம்? நடுவர் நாற்காலியில் உட்கார வைத்து, கண் கலங்கச் சொல்கிறோம். "அது இது எது"வில் சிரிக்காமல் இருக்கச் சொல்லி உட்கார வைத்தார்களே, அதைப் போல ஒரு பாடகரை ஒரு முழு எபிசோடுக்கு நடுவில் தள்ளிவிட ஏன் யாருக்கும் தைரியம் வரவில்லை? சந்திரபாபு பாடியும் விழுந்து எழுந்தும் சிரிக்க வைத்த ஊர் இது.

மார்க்: 10-க்கு 8. ஒரு மார்க்கைக் குறைத்தது மிமிக்ரிக்காக. அவருக்கு அது கை வந்த கலை என்பதால் எழுத்தாளர்கள் திரும்பத் திரும்ப அங்கேயே போய் நின்றார்கள். இன்னொரு மார்க், ஆரம்பப் பேச்சுக்காக. பாட மாட்டேன் என்று சொல்லிப் பாடுவதை 2024-லும் எதிர்பார்க்க முடிந்தது.

உங்கள் வேலை: தமிழ்ப் பாடகர்களில் யாரை அந்த மேடைக்கு அனுப்பலாம்? ஒரே நிபந்தனை, அவர் சுருதி தப்பிப் பாடச் சம்மதிக்க வேண்டும். தன் பாட்டையே. பெயரைக் கமெண்டில் போடுங்கள், ரசிகர் சண்டை வேண்டாம். ஏற்காட்டிலிருந்து பார்க்கிறவர்கள் நெட்வொர்க் கிடைக்கும்போதே சப்ஸ்கிரைப் செய்துவிடுங்கள். தம்பி, ஆஃப் பண்ணுடா, தட்டுவடை செட் நமத்துப் போகுது.