பசிதான் நோய், பட்டினி மருந்தல்ல

அவையில் அமர்ந்திருக்கும் பெரியவர்களுக்கும், சக மருத்துவர்களுக்கும், இரவுச் சாப்பாட்டுக்கு நேரமாகியும் எழுந்து போகாத அன்பர்களுக்கும் வணக்கம். உடல் பருமனைப் பற்றிய கூட்டத்துக்கு வந்தவர்களை வாசலிலேயே கேசரி கொடுத்து வரவேற்ற அமைப்பாளர்களுக்கும் என் நன்றி.

நேராக விஷயத்துக்கு வருகிறேன். பழைய ஆயுர்வேத நூலான சரக சம்ஹிதையில், சூத்திர ஸ்தானம் என்ற பகுதியின் 21-ஆம் அத்தியாயம், ஊரார் இகழ்ச்சியாகப் பார்க்கும் எட்டு வகை மனிதர்களைச் சொல்லித் தொடங்குகிறது. மிக நெட்டை, மிகக் குட்டை, உடலெல்லாம் ரோமம் உள்ளவர், ரோமமே இல்லாதவர், மிகக் கறுப்பு, மிக வெளுப்பு, மிகப் பருமன், மிக மெலிவு. முதல் ஆறு பேரையும் சரகர் பெயர் சொல்வதோடு விட்டுவிடுகிறார். கடைசி இருவரைத்தான் உட்கார வைத்து வைத்தியம் பேசுகிறார்.

யாரைப் பருமன் என்கிறார்? கொழுப்பும் தசையும் மிகுந்து, பிட்டமும் வயிறும் மார்பும் குலுங்க வேண்டும். அதோடு, உடல் பெருத்த அளவுக்கு உற்சாகம் பெருகாமல் இருக்க வேண்டும். இந்த இரண்டாவது நிபந்தனையைக் கவனியுங்கள். ஆள் பெரியவராக இருந்து, மூச்சு வாங்காமல் மாடிப்படி ஏறி, நாள் முழுக்க வேலை செய்தால் அவர் இந்த வரையறைக்குள் வரமாட்டார்.

இன்று நாம் பி.எம்.ஐ. பார்க்கிறோம். கிலோவில் எடையை, மீட்டரில் உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் வரும் எண் அது. இந்தியர்களுக்கு 23-ஐத் தொட்டால் கூடுதல் எடை, 25-ஐத் தொட்டால் பருமன் என்று மருத்துவர்கள் வைத்திருக்கிறார்கள். எளிய கணக்கு, உபயோகமானதும்கூட. ஆனால் அது மட்டும் போதாது, இடுப்புச் சுற்றளவையும் பார்க்க வேண்டும், உறுப்புகளின் இயக்கமும் அன்றாட வேலைகளும் பாதிக்கப்பட்டிருக்கின்றனவா என்றும் பார்க்க வேண்டும் என்று லான்செட் மருத்துவ இதழ் அமைத்த நிபுணர் குழு 2025 ஜனவரியில் சொன்னது. அன்றே சரகர் சொல்லிவிட்டார் என்று இந்த இடத்தில் நான் முழங்கினால் நீங்கள் கைதட்டுவீர்கள். வேண்டாம். அவர் கண்ணால் பார்த்ததை எழுதினார், இவர்கள் ஆராய்ந்து எழுதினார்கள். இருவரும் நோயாளியைப் பார்த்தார்கள், அவ்வளவுதான்.

பருமனுக்கு எட்டுக் குறைகளை அந்த அத்தியாயம் அடுக்குகிறது. ஆயுள் குறைதல், அசைவில் மந்தம், தாம்பத்தியத்தில் சிரமம், பலவீனம், உடல் நாற்றம், மிகுந்த வியர்வை, மிகுந்த பசி, மிகுந்த தாகம். இதில் பசியைத்தான் நான் இன்று பிடித்துக்கொள்ளப் போகிறேன். "இவ்வளவு சாப்பிடுகிறானே, அதனால்தான் குண்டாக இருக்கிறான்" என்று வீட்டில் எல்லோரும் சொல்கிறார்கள். சரகர் அதை மறுக்கவில்லை. அதிகச் சாப்பாடு, இனிப்பும் நெய்யும் மிகுந்த உணவு, உடற்பயிற்சி இன்மை, பகல் தூக்கம், பெற்றோர் வழி வந்த இயல்பு எல்லாம் காரணங்களே. கவலையற்று எப்போதும் சந்தோஷமாக இருப்பதையும் சேர்த்திருக்கிறார், அது யாருக்காவது வாய்த்திருந்தால்! ஆனால் ஒருமுறை பருத்த பிறகு நடப்பது வேறு என்கிறார். உணவின் சாரம், உடலைக் கட்டும் ஏழு தாதுக்களுக்கும் பங்காகப் போக வேண்டும். கொழுப்பாகிய மேதஸ் மட்டும் வளர்ந்து பாதைகளை அடைத்துக்கொள்கிறது. போக வழியில்லாத வாயு வயிற்றுக்குள்ளேயே சுழன்று, செரிமான நெருப்பாகிய ஜடராக்கினியை ஊதுகிறது. சாப்பிட்டது சீக்கிரம் எரிந்துபோகிறது, மறுபடி பசிக்கிறது. காட்டுத் தீ காட்டை எரிப்பதைப் போல இந்த நெருப்பும் காற்றும் பருத்தவனை எரிக்கின்றன என்று எழுதுகிறார்.

அதாவது, அந்தப் பசி பேராசை அல்ல. நோயின் ஒரு பகுதி. அப்படிப்பட்டவரைப் பட்டினி போட்டால் என்ன ஆகும்? என்னிடம் வருபவர்களில் பலர் இதைச் செய்துவிட்டுத்தான் வருகிறார்கள். திங்கள் முதல் வெள்ளி வரை எலுமிச்சைச் சாறும் வெள்ளரிக்காயும், சனிக்கிழமை இரவு பிரியாணி. மனவலிமை போதவில்லை என்று தங்களையே திட்டிக்கொள்கிறார்கள். சரகர் திட்டவில்லை. இருவருக்கும் ஒரே நோய் வந்தால் மெலிந்தவனைவிடப் பருத்தவனைத்தான் அது அதிகம் வாட்டும் என்கிறார். பின்னால் வந்த ஆயுர்வேத ஆசிரியர் வாக்படர் இன்னும் கறாராக, பருமனுக்கு மருந்தே இல்லை, சத்தூட்டினாலும் பட்டினி போட்டாலும் மிகுந்த கொழுப்பையும் தீயையும் வாயுவையும் வெல்ல முடியாது என்று மருத்துவனின் சங்கடத்தையே எழுதிவிட்டார்.

அப்படியானால் வழி? செரிக்க நேரமாகும் கனத்த உணவு, ஆனால் உடலை வளர்க்காத உணவு. இதுதான் அந்த அத்தியாயத்தின் சூட்சுமம். பட்டியலைக் கேளுங்கள்: பார்லி, வரகு, தினை, சாமை, பச்சைப்பயறு, கொள்ளு, துவரை, நெல்லிக்காய். எல்லாம் மளிகைக்கடையில் இருப்பவை. கொள்ளை வாசம் வர வறுத்து, உடைத்து, வேகவைத்து, வடித்த நீரில் மிளகு, சீரகம், பூண்டு தட்டிப் போட்டு ரசம் வையுங்கள். வெந்த கொள்ளைச் சின்ன வெங்காயத்தோடு சுண்டலாகத் தாளியுங்கள். வரகுச் சோற்றோடு சாப்பிட்டால் வயிறு நிறையும், பசி எளிதில் எட்டிப் பார்க்காது. தேங்காயை அள்ளிக் கொட்டிவிட்டு என்னைக் கேட்காதீர்கள்.

தேனைப் பற்றி ஒரு வார்த்தை. கொழுப்பைக் குறைக்கத் தேனைச் சரகர் சொல்வது உண்மை. ஆனால் தேனைச் சூடாக்கக் கூடாது என்பதும் அதே நூலின் எச்சரிக்கை. நாம் செய்வது என்ன? காலையில் கொதிக்கும் வெந்நீரில் இரண்டு கரண்டி தேன். புதுத் தேன் உடலை வளர்க்கும், பழைய தேன்தான் கரைக்கும் என்கிறது இன்னொரு ஆயுர்வேத நூலான சுசுருதம். கடையில் நீங்கள் வாங்கும் புட்டி எந்த வகை? எப்படியானாலும் அதில் பெரும்பகுதி சர்க்கரைதான், கணக்கில் வையுங்கள்.

ஒரு விஷயத்தில் சரகரோடு எனக்கு உடன்பாடில்லை. பருத்தவர் தூக்கத்தைக் குறைக்க வேண்டும் என்கிறார். பகல் தூக்கத்தை விடுங்கள், சம்மதம். இரவுத் தூக்கத்தில் கை வைக்காதீர்கள். தூக்கம் குறைந்தால் பசி கூடுகிறது என்பதை இன்றைய ஆய்வுகள் காட்டுகின்றன. இரவெல்லாம் விளக்கு எரியாத காலத்தில் அவர் எழுதினார். உடற்பயிற்சி உட்பட எதையுமே படிப்படியாகக் கூட்டச் சொல்கிறார், அது எனக்கு மிகப் பிடித்தது. பயிற்சி பாதிப் பலத்தோடு நிற்க வேண்டும்: நெற்றியிலும் மூக்கிலும் மூட்டுகளிலும் வியர்வை அரும்பி வாய் வறண்டால் நிறுத்திக்கொள்ளலாம்.

கேரளத்தில் கொள்ளுப் பொடியால் மேல்நோக்கித் தேய்க்கும் உத்வர்த்தனம் உடலுக்குச் சுகம், ஆனால் அதனாலேயே தொப்பை கரைந்துவிடாது. குக்குலு என்ற மரப்பிசினில் செய்த மாத்திரையை நம்பிக் கொழுப்பு மாத்திரையை நிறுத்தாதீர்கள். 2003-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், குக்குலுச் சாறு உட்கொண்டவர்களுக்குக் கெட்ட கொழுப்பு குறையவில்லை, சற்றுக் கூடியது. 'முப்பதே நாளில் பத்துக் கிலோ' விளம்பரங்களைப் பார்த்தால் ஒன்றை நினைவில் கொள்ளுங்கள்: 1954-ஆம் ஆண்டின் மருந்து மற்றும் மாயத் தீர்வுகள் சட்டம், பருமனுக்கு மருந்து என்று விளம்பரம் செய்வதையே தடுக்கிறது.

2019-21 தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டுப் பெண்களில் நூற்றுக்கு நாற்பது பேர் கூடுதல் எடையோ பருமனோ உடையவர்கள். இந்த அரங்கிலும் இருப்போம். சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் நான் சொன்ன உணவுக்கு நாளைக் காலையே மாறிவிடாதீர்கள், மருந்தின் அளவையும் மாற்ற வேண்டியிருக்கும். தைராய்டு பரிசோதனை செய்யாதவர்கள் முதலில் அதைச் செய்துகொள்ளுங்கள். கேள்விகளுக்கு நேரம் ஒதுக்கியிருக்கிறார்கள், கேளுங்கள்.