ஊருணி நத்தைக்குப் பூர்வீகம் எது?

[காட்சி: செட்டிநாட்டு ஊருணி, செம்பாறாங்கல் படிகள்]

மீன்தொட்டி வைத்து அலுத்துப்போன யாரோ ஒருவர் அதை ஊருணியில் கவிழ்த்துவிட்டுப் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். செடியோடு ஒட்டிவந்த நத்தை அங்கேயே நிற்காது. நல்ல மழை பெய்தால் ஊருணி நிரம்பும், கண்மாய் மறுகால் பாயும், அடுத்த கண்மாய்க்கு நத்தையும் போய்ச் சேரும்.

[காட்சி: உள்ளங்கையில் சிறிய நத்தை ஓடு]

அது எந்த இனம், எந்த ஊர்க்காரர் என்று கண்டுபிடிக்க முதல் சோதனைக்குக் கண்ணே போதும். கூர்நுனி மேலே, வாய் உங்களைப் பார்த்தபடி பிடியுங்கள். திறப்பு இடப்பக்கம் இருந்து, ஓடும் சின்ன முட்டை வடிவில் இருந்தால் ஃபைசெல்லா அகியூட்டாவாக இருக்கலாம். இருபாலுயிரி, தன் முட்டையைத் தானே கருவுறச் செய்யவும் முடியும், அதனால் ஒன்றே ஒன்று வந்தாலும் பெருகிவிடும். இதன் கதை வேடிக்கையானது. பூர்வீகம் வட அமெரிக்கா, ஆனால் 1805-இல் பெயர் வைத்தது பிரான்ஸின் கரோன் ஆற்று நத்தையைப் பார்த்து! அமெரிக்காவில் அதே நத்தைக்கு வேறு பெயர்கள் இருந்தன. எல்லாம் ஒரே இனம்தான் என்று இனக்கலப்புச் சோதனைகள் காட்டியது 2002-இல். ஓட்டை மட்டும் நம்பினால் இப்படித்தான் ஆகும்.

[காட்சி: ஆய்வக மேசை]

சரி, மரபணுவிடம் கேட்போம். பாதத் தசையில் சிறு துண்டை வெட்டி 95 சதவீத எத்தனாலில் போட வேண்டும். ஃபார்மலின் கூடாது, டிஎன்ஏ கெட்டுவிடும். நத்தைச் சளி பெரிய தொல்லை. அது கலந்தால் டிஎன்ஏவை நகலெடுத்துப் பெருக்கும் பிசிஆர் ஓடாது, அதனால் முதலில் அதை நீக்குவார்கள். அப்புறம் மைட்டோகாண்ட்ரியாவில் இருக்கும், இனத்தை அடையாளம் காண உதவும் சிஓஐ என்ற மரபணுவில் சுமார் 650 எழுத்துத் துண்டைப் பெருக்கி, வரிசையைப் படித்து, ஜென்பேங்க், போல்ட் தரவுத்தளங்களில் ஒப்பிடுவார்கள்.

[காட்சி: திரையில் "99 சதவீதப் பொருத்தம்"]

இந்த எண்ணைப் பார்த்ததும் வேலை முடிந்தது என்று எழுந்துவிடுபவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. தரவுத்தளத்தில் அந்தப் பெயரைப் போட்டவரும் ஓட்டைப் பார்த்துத்தானே போட்டிருப்பார்? அவர் தவறியிருந்தால் நமக்கும் அதே தவறு.

தென் அமெரிக்க ஆப்பிள் நத்தைகளில் சிக்கல் இன்னும் ஆழம். நம் ஊர் ஆப்பிள் நத்தையான பைலாவுக்கு, ஓட்டின் வாயை அடைக்கும் மூடி சுண்ணாம்பு ஏறிக் கெட்டியாக இருக்கும். தென் அமெரிக்காவின் பொமேசியாவுக்கு அது நகம் போல இருக்கும். அதுவரை கண்ணால் பிரிக்கலாம். ஆனால் பொமேசியா கனாலிகுலேட்டாவையும் மாகுலேட்டாவையும் ஓட்டை வைத்துப் பிரிப்பது கடினம், இரண்டும் ஒன்றோடொன்று கலந்தும் இனம் பெருக்கும். மைட்டோகாண்ட்ரியா தாய்வழியாக மட்டுமே வருவதால் சிஓஐ தாயின் இனத்தைத்தான் சொல்லும், கலப்பைச் சொல்லாது. அதற்கு உட்கருவின் ஈஎஃப்1 ஆல்ஃபா போன்ற மரபணு ஒன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

[காட்சி: சீட்டு ஒட்டிய குப்பி]

தசை எடுத்ததும் ஓட்டைத் தூக்கி எறிய வேண்டாம். ஊருணியின் பெயர், தேதி, வரிசை எண் எழுதி அதே குப்பியோடு வையுங்கள். பின்னால் சந்தேகம் வந்தால் எடுத்துப் பார்க்க அதுதான் இருக்கும்.