பந்திக்கு இல்லாத வாழைக்காய்

எல்லாருக்கும் வணக்கம். தலைவர் ஐயா அவர்களே, பிரதம விருந்தினரா வந்திருக்கிற அம்மா அவர்களே, மழையையும் காலி ரோட் ட்ராஃபிக்கையும் பாராமல் வெள்ளவத்தை வரைக்கும் வந்து முன்வரிசையில இருக்கிற பேராசிரியர்மார், மௌலவி அவர்கள், ஃபாதர் அவர்கள், மண்டபம் தந்த நிர்வாகத்தினர், குத்துவிளக்கு ஏத்தின பிள்ளைகள், மைக் செட் தம்பிமார், எல்லாருக்கும் என்ர நன்றி. ஆரையும் விட்டிருந்தா மன்னிச்சுக்கொள்ளுங்கோ.

தேசியப் பூங்காவுக்குள்ளயும் ஓரத்திலயும் இருக்கிற ஊர்களைப் பற்றி மூண்டு விஷயம் கதைக்க வந்தனான். ரோட்டு, காணி, டிக்கெட் காசு.

இலங்கையிட வடமேற்கில இருக்கிற வில்பத்துக் காடு 1938-ல தேசியப் பூங்காவானது. அதுக்குள்ளயே பூக்குளம் எண்டு ஒரு மீன்பிடிக் கிராமம் இருக்கு, இது கொழும்பில எத்தினை பேருக்குத் தெரியும்? பந்திக்கு இல்லாத வாழைக்காய் பந்தலில கட்டித் தொங்குதாம் எண்டு எங்கட அம்மம்மா சொல்லுவா. காடு பந்தல், வாறவனுக்குக் காட்டுறதுக்கு, அங்க இருக்கிற சனத்திட இலையில ஒண்டும் விழாது.

ஒருக்கா நாங்கள் குடும்பமா எழுவன்குளம் பக்கத்தால ஜீப்பில வில்பத்துக்குள்ள போனம். டிரைவர் தம்பி அந்த ஊர்ப் பொடியன். ஒரு வில்லுக்கு, அதுதான் மழைத்தண்ணி தேங்கி நிக்கிற குளத்துக்கு, பக்கத்தில தனியன் யானை ஒண்டு நிண்டுது, எல்லா ஜீப்பும் நிண்டு, எல்லாரும் ஃபோனைத் தூக்கி, பிள்ளையள் மூச்சு விடாமல் பாக்குதுகள், நானும் பாத்துக்கொண்டுதான் இருந்தனான், அப்ப தம்பி மெல்லமாச் சொன்னான், "அங்கிள், இது மாதிரி ஒண்டுதான் எங்கட மாமிட குசினிச் சுவரை இரவில இடிச்சு, நெல்லு மூட்டையை இழுத்துக்கொண்டு போனது, மாமி கட்டிலுக்குக் கீழ படுத்துக் கிடந்தவ." ஜீப்பில ஒரு சத்தமில்லை. பிறகு சொன்னான், "வாற ஆக்கள் ஹோட்டல்ல இருந்தே சோத்துப் பார்சலும் தண்ணிப் போத்தலும் கொண்டு வருவினம், எங்கட ஊர்க் கடையில ஒரு பிளேன்டீ குடிக்கவும் இறங்க மாட்டினம்." திரும்பி வரேக்க நாங்கள் இறங்கினம், அந்தக் கடையில குடிச்ச பிளேன்டீயும் இஞ்சியும் இப்பவும் நாக்கில நிக்குது.

இங்கிலாந்தில பூங்காவுக்குள்ளயே டவுண் இருக்கு. பீக் டிஸ்ட்ரிக்ட் 1951-ல வந்தது, பேக்வெல் எண்ட டவுண் அதுக்குள்ளதான். அங்க வாழுற சனத்திட பொருளாதாரத்தையும் நல்வாழ்வையும் வளர்க்கப் பாக்கவேணும் எண்டு பூங்கா அதிகாரசபைக்கு 1995-லயே சட்டத்தில எழுதி வைச்சிட்டினம். அது பணக்கார நாடு எண்டு ஆரும் சொல்லலாம். அப்ப நேபாளத்தைப் பாருங்கோ. 1993-ல சட்டத்தைத் திருத்தி, பூங்கா வருமானத்தில 30 தொடக்கம் 50 வீதம் சுத்தியுள்ள கிராமங்களிட அபிவிருத்திக்கு எண்டு வைச்சவை. அங்க சித்வான் பூங்காவில காண்டாமிருகம் பாக்கப் போறவன் குடுக்கிற டிக்கெட் காசில ஒரு பங்கு பக்கத்துக் கிராமத்துக்குப் போகுது.

அதுதான் நான் ஊர் ஊராக் கேட்டுத் திரியிறது. டிக்கெட் காசில கிராமத்துக்கு ஒரு பங்கு, சட்டமா எழுதி. வேலிக்கு, கிளினிக்குக்கு, யானை இடிச்ச வீட்டுக்கு. அதில எங்க செலவழிக்கிறது எண்டதையும் அந்தச் சனமே தீர்மானிக்க வேணும். இல்லாட்டி வாழைக்காய் பந்தல்லயேதான் தொங்கும்.

வில்பத்துக்கு வடக்கில மறிச்சுக்கட்டிப் பக்கம் 1990-ல துரத்தப்பட்டு, சண்டை முடிஞ்சு திரும்பி வந்த முஸ்லிம் சனத்திட காணிக் கதைக்கும் ரோட்டுக் கதைக்கும் தனிமேடை வேணும், தலைவர் ஐயா மணியைப் பாக்கிறார். டிக்கெட் காசில பங்கு கேக்கிற மனுவில கையெழுத்து வைக்கிற தாள் வாசல் மேசையில இருக்கு, பேனையும் இருக்கு. அடையாள அட்டை நம்பரை வடிவா எழுதுங்கோ.