மூன்று படம், மூன்று ஆஸ்கர் விழா, அதே மூன்று பேர்: பட்டியலில் பேர் வரும், கைக்குச் சிலை வராது!

(திரையில்: வானத்தில் ஒரு விமானம், பக்கத்தில் கடலில் ஒரு கப்பல்)

வணக்கம் மக்களே! இந்த வீடியோவில் ஜெயித்தவர்களைப் பற்றிப் பேசப் போவதில்லை. மூன்று படம், மூன்று ஆஸ்கர் விழா, மூன்றிலும் அதே மூன்று பேர் பட்டியலில் இருந்தார்கள், மூன்று முறையும் மூன்று பேரும் வெறும் கையோடு வீட்டுக்குப் போனார்கள். இது நிஜமாக நடந்தது.

முதலில் பின்னணியைச் சட்டென்று முடித்துவிடுவோம். ஆஸ்கரில் இரண்டு கட்டம். முதலில் பரிந்துரை, அதாவது நாமினேஷன். ஒலிப் பிரிவில் யார் யார் பேர் வரவேண்டும் என்று ஒலிக்காரர்களும், பாட்டுப் பிரிவில் இசைக்காரர்களும் முடிவு செய்கிறார்கள். அடுத்த கட்டத்தில் அகாடமி மொத்தமும் ஓட்டுப் போடுகிறது. நடிகர், எடிட்டர், உடை வடிவமைப்பாளர் எல்லாரும் ஒலிக்கும் சேர்த்துத்தான் போடுவார்கள். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும் கதை முழுக்க இதில்தான் இருக்கிறது.

சரி, 1998 மார்ச்சுக்குப் போவோம். நிக்கோலஸ் கேஜ் நடித்த 'கான் ஏர்', கைதிகளை ஏற்றிக்கொண்டு போகிற விமானத்தைக் கைதிகளே கடத்திவிடுகிற மசாலா படம், அதற்கு இரண்டே இரண்டு பரிந்துரை வந்தது. ஒன்று 'ஹவ் டூ ஐ லிவ்' என்ற பாட்டை எழுதின டயான் வாரனுக்கு. இன்னொன்று ஒலிக்காக, அந்தக் குழுவில் கெவின் ஓ'கானல், கிரெக் ரஸ்ஸல் என்று இரண்டு மிக்ஸிங் கலைஞர்கள், அதாவது வசனம், இசை, சத்தம் எல்லாவற்றையும் சேர்த்துக் கலக்குகிறவர்கள். இந்த மூன்று பேர்தான் நம்ம ஆட்கள். ஆனால் அந்த வருஷம் எதிரில் நின்றது எது? 'டைட்டானிக்'! 14 பரிந்துரை, 11 விருது. ஒலியையும் அள்ளிக்கொண்டது, பாட்டையும் அள்ளிக்கொண்டது. விமானத்தைக் கப்பல் வந்து மோதிக் கவிழ்த்த கதை உலகத்திலேயே இது ஒன்றாகத்தான் இருக்கும்.

அந்த 'ஹவ் டூ ஐ லிவ்' பாட்டை வருஷத்தின் மோசமான பாட்டு என்று மோசமான படங்களைக் கிண்டல் செய்து விருது கொடுக்கிற ராஸி விருதுக்காரர்களும் பரிந்துரை செய்திருந்தார்கள். ஒரே பாட்டு, ஒரே வருஷம், ஆஸ்கர் பட்டியலிலும் இருக்கிறது, ராஸி பட்டியலிலும் இருக்கிறது! என் கருத்தைக் கேட்டால் ராஸிக்காரர்கள் அன்றைக்கு முழுசாகத் தப்புப் பண்ணினார்கள். அந்தப் பாட்டில் 'நீ இல்லாமல் நான் எப்படி' என்று கேட்கிற இடத்தில் இன்றைக்கும் எனக்குத் தொண்டை அடைக்கும்.

அடுத்த வருஷம், 1999. 'ஆர்மகெடான்', விண்கல் பூமி மேல் விழப் போகிறது, எண்ணெய்க் கிணறு தோண்டுகிறவர்களை விண்வெளிக்கு அனுப்புகிறார்கள். பாட்டுக்கு மறுபடியும் டயான் வாரன், ஒலிக்கு மறுபடியும் ஓ'கானல், ரஸ்ஸல். ஏரோஸ்மித் குழு பாடிய அந்தப் பாட்டு அமெரிக்கப் பாட்டுப் பட்டியலில் முதலிடம் வரைக்கும் போனது. பாடினவர் ஸ்டீவன் டைலர், படத்தின் கதாநாயகி லிவ் டைலர், அவருடைய சொந்த மகள், அதனால் அந்தக் காதல் பாட்டைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு அது ஒரு அப்பா பாடுகிற பாட்டாகவே கேட்கிறது. விருது? ஒலிக்கு 'சேவிங் பிரைவேட் ரையன்', பாட்டுக்கு 'தி பிரின்ஸ் ஆஃப் ஈஜிப்ட்'.

2002. 'பேர்ல் ஹார்பர்'. பாட்டுக்கு யார்? டயான் வாரன். ஒலிக்கு யார்? அதே ஓ'கானல், அதே ரஸ்ஸல். இதில் ஒரு வலி இருக்கிறது, கவனியுங்கள். அப்போது ஒலிக்கு இரண்டு விருது. விமானச் சத்தம், குண்டுச் சத்தம் என்று தனித்தனிச் சத்தங்களை உருவாக்குகிறவர்களுக்கு ஒன்று, எல்லாவற்றையும் சேர்த்துக் கலக்குகிறவர்களுக்கு ஒன்று. 'பேர்ல் ஹார்பர்' முதல் விருதை வாங்கிவிட்டது! கலக்கினவர்களுக்கு மட்டும் இல்லை, அது 'பிளாக் ஹாக் டவுன்' படத்துக்குப் போய்விட்டது.

கலக்குகிறது என்றால் என்ன பெரிய வேலை என்று கேட்பீர்கள். தியேட்டரில் ஹீரோ ஒரு நல்ல வசனம் பேசும்போது பின்னணி இசை வந்து அதை மூடிவிடும், பக்கத்து சீட்டுக்காரரிடம் "என்ன சொன்னான்?" என்று கேட்டிருப்பீர்கள். அதுதான் மிக்ஸிங் சொதப்பிய இடம். விண்கல் வெடிக்கிறது, ராக்கெட் உறுமுகிறது, வயலின் முப்பது பேர் வாசிக்கிறார்கள், அத்தனைக்கும் நடுவில் ஒருத்தன் மெதுவாக மகளிடம் விடை சொல்கிறான், அந்தக் குரல் உங்கள் காதுக்கு வந்து சேர வேண்டும். அந்த ஒரு நொடிக்கு வெடியை எவ்வளவு இறக்குவது, இசையை எங்கே வழிவிடச் சொல்வது, இதை மேசை முன்னால் உட்கார்ந்து அங்குலம் அங்குலமாக முடிவு செய்கிறவர்கள் இவர்கள். சரியாகச் செய்தால் யாருக்குமே தெரியாது. அதைக் கண்டுபிடிக்கிற காது அதே தொழிலில் இருக்கிறவனுக்குத்தான் உண்டு, அதனால்தான் பரிந்துரை வந்துகொண்டே இருந்தது. மொத்த அகாடமியும் ஓட்டுப் போடும்போது எந்தப் படம் பிடித்ததோ அந்தப் பேருக்கு நேராகக் குறி விழுகிறது.

அதனால் என்னைப் பொறுத்தவரை ஆஸ்கரில் நம்பிப் பார்க்க வேண்டியது பரிந்துரைப் பட்டியலைத்தான். பீட்டர் ஓ'டூல் நடிப்புக்காக 8 முறை பரிந்துரைக்கப்பட்டு ஒரு முறையும் போட்டியில் ஜெயிக்கவில்லை, ஒளிப்பதிவாளர் ரோஜர் டீக்கின்ஸ் 14ஆவது முறைதான் வாங்கினார். இவர்கள் வேலையில் குறை என்று யாராவது சொல்ல முடியுமா?

இப்போது எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி, நம்ம ஊர் சம்பந்தம். 2002இல் டயான் வாரனின் பாட்டை ஜெயித்தது இசையமைப்பாளர் ராண்டி நியூமன். அவருக்கே அது 16ஆவது பரிந்துரை, முதல் வெற்றி. அரங்கமே எழுந்து கை தட்டியபோது, உங்கள் பரிதாபம் எனக்கு வேண்டாம் என்றார் மனிதர். இவருடைய சித்தப்பா, பெரியப்பாக்களில் மூன்று பேர் ஹாலிவுட் இசைக்காரர்கள். அதில் ஆல்ஃபிரட் நியூமன் மட்டும் 9 ஆஸ்கர் வாங்கினவர். அந்த ஆல்ஃபிரட்டின் மகன் தாமஸ் நியூமன், 15 முறை பரிந்துரைக்கப்பட்டும் இன்னும் ஜெயிக்காதவர். 2009இல் 'வால்-ஈ' படத்துக்காகப் பின்னணி இசை, பாட்டு இரண்டிலும் அவர் பேர் இருந்தது. இரண்டிலும் அவரைத் தாண்டிப் போனது யார்? ஏ.ஆர். ரஹ்மான்! அந்த வருஷம் பாட்டுப் பட்டியலில் இருந்ததே மூன்று பாட்டு, அதில் இரண்டு ரஹ்மானுடையது. மேடையில் "எல்லாப் புகழும் இறைவனுக்கே" என்று அவர் தமிழில் சொன்னது நமக்கு ஞாபகம் இருக்கிறது, அதே அரங்கத்தில் ஒரே இரவில் இரண்டு முறை தோற்ற ஒரு பெரிய இசையமைப்பாளர் இருந்தார் என்பது எத்தனை பேருக்குத் தெரியும்? அப்புறம் 2011இல் '127 ஹவர்ஸ்' பாட்டுக்காக ரஹ்மான் மறுபடி பட்டியலில் வந்தார். ஜெயித்தது ராண்டி நியூமன். தம்பிக்காக அண்ணன் கணக்குத் தீர்த்த மாதிரி! இந்த இடத்தை நான் நாலு தடவை சரிபார்த்தேன், அவ்வளவு அழகாகப் பொருந்துகிறது. இந்த வீடியோவை ஒரு ரஹ்மான் ரசிகருக்கு அனுப்புங்கள், சந்தோஷப்படுவார்.

சரி, நம்ம மூன்று பேருக்கு வருவோம். 2017. ரஸ்ஸல் '13 ஹவர்ஸ்' படத்துக்காக 17ஆவது முறையாகப் பட்டியலில் இருந்தார், அதற்கு முன் 16 முறை தோற்றவர். விழாவுக்கு முந்தைய நாள் அகாடமி அவர் பேரை நீக்கியது. ஓட்டுப் போடும் ஒலிப் பிரிவு உறுப்பினர்களைத் தன் படத்துக்காகத் தொலைபேசியில் அழைத்தார், அது விதிமீறல் என்றது. விதி விதிதான், அதை நான் மறுக்கவில்லை. ஆனாலும் மனசு கேட்கவில்லை.

மறுநாள் இரவு அதே ஒலிப் பிரிவில் 'ஹாக்சா ரிட்ஜ்' பேர் வாசிக்கப்பட்டது. அந்தக் குழுவில் கெவின் ஓ'கானல். 1984 விழாவில் தொடங்கி 20 முறை தோற்று, 21ஆவது முறை! மேடையில் அவர் சொன்னது இதுதான்: 1978இல் அம்மாதான் அவருக்கு ஒலி வேலை வாங்கிக் கொடுத்தார். இதற்கு எப்படி நன்றி சொல்வது என்று கேட்டபோது, நன்றாக உழைத்து ஒருநாள் ஆஸ்கர் வாங்கு, அந்த மேடையில் நின்று உலகத்துக்கு முன்னால் எனக்கு நன்றி சொல் என்றாராம் அம்மா. அன்றைக்கு அம்மா உயிரோடு இல்லை. மேலிருந்து பார்த்துக்கொண்டிருப்பாய் என்று சொல்லிவிட்டு நன்றி சொன்னார். அந்தக் காட்சியைத் தேடிப் பாருங்கள், கைக்குட்டையோடு.

டயான் வாரனுக்கு 2022இல் கௌரவ ஆஸ்கர் கொடுத்தார்கள். சிலையைக் கையில் பிடித்துக்கொண்டு, "அம்மா, கடைசியில் எனக்கு ஒரு ஆள் கிடைத்துவிட்டான்" என்றார். போட்டியில் மட்டும் 2025 விழா வரைக்கும் 16 பரிந்துரை, வெற்றி பூஜ்யம். அதில் ஒன்று 2023. அன்றைக்கு அவர் தன் பாட்டுக்கு மேடையிலேயே பியானோ வாசித்தார், அப்புறம் விருது அறிவித்தார்கள்: 'நாட்டு நாட்டு'. நாம் வீட்டில் எழுந்து குதித்த அந்த நிமிடம் அவருக்கு இன்னொரு தோல்வி.

அவருடைய பாட்டுகளில் எதற்கு நீங்கள் விருது கொடுத்திருப்பீர்கள்? கமெண்டில் எழுதுங்கள், நான் எல்லாவற்றையும் படிப்பேன். என் ஓட்டு 'கான் ஏர்' பாட்டுக்கு.