முட்டி ஜவ்வு கிழிந்ததா? எம்ஆர்ஐ படத்தில் டாக்டர் எதைத் தேடுகிறார்

[திரையில்: ஓடிவருபவர் சட்டெனத் திரும்புகிறார், பாதம் தரையில் பதிந்து நிற்க, முட்டி உள்பக்கமாக மடங்குகிறது]

முட்டிக்குள் 'டப்' என்று ஒரு சத்தம். சில மணி நேரத்தில் வீக்கம். எக்ஸ்ரே எடுத்தால் முறிவு இல்லை என்கிறார்கள். ஆனால் அதோடு விட்டுவிடக் கூடாது. எலும்புகளைச் சேர்த்துப் பிடித்திருக்கும் ஜவ்வு, அதாவது லிகமென்ட், எக்ஸ்ரேயில் தெரியாது. அதற்குத்தான் எம்ஆர்ஐ.

முட்டியில் முக்கியமான லிகமென்ட்கள் நான்கு. பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு. மூட்டின் நடுவே குறுக்கும் நெடுக்குமாக இரண்டு. நடுவில் உள்ளவற்றில் முன்பக்கம் இருப்பது ஏசிஎல், பின்பக்கம் இருப்பது பிசிஎல். திரும்பும்போது முட்டி பிசகினால் டாக்டர் முதலில் சந்தேகப்படுவது ஏசிஎல்லைத்தான்.

[திரையில்: பக்கவாட்டு வெட்டுப் படம், நல்ல முட்டி]

எம்ஆர்ஐ கருவிக்கு சிக்னல் தருவது பெரும்பாலும் நம் உடலின் நீரிலும் கொழுப்பிலும் உள்ள ஹைட்ரஜன். லிகமென்ட்டில் கொலாஜன் என்ற புரத இழைகள் முறுக்கிய கயிறு மாதிரி நெருக்கமாக இருப்பதால், அங்கே சிக்னல் நொடியில் மங்கிவிடும். எனவே நல்ல லிகமென்ட் கறுப்புப் பட்டையாகத் தெரியும். அடிபட்டால் நீர் கோத்துக்கொள்ளும். கொழுப்பின் சிக்னலை அடக்கி எடுக்கும் படத்தில் அந்த நீர் பளிச்சென்று வெள்ளையாக நிற்கும்.

இந்தப் படத்தில் ஏசிஎல்லைப் பாருங்கள். தொடை எலும்பின் பின்பகுதியிலிருந்து முன்னோக்கிச் சரிந்து கீழே இறங்குகிறது. கீழ்முனையில் மட்டும் லேசாகக் கோடு கோடாக இருக்கும். அது இயல்புதான், பயப்பட வேண்டாம்.

[திரையில்: கிழிந்த ஏசிஎல்]

இங்கே பட்டையே இல்லை. அது இருக்க வேண்டிய இடத்தில் வெண்மேகம் போல வீக்கம். சிலருக்கு அறுந்த பகுதி சரிந்து படுத்திருக்கும்.

ஆனால் எனக்கு இதைவிட முக்கியமாகப் படுவது எலும்பில் உள்ள அடையாளம். தொடை எலும்பின் வெளிப்பக்கக் குமிழில் ஒரு வெள்ளைத் திட்டு; கீழ்க்கால் எலும்பின் மேல்முனையில், வெளிப்புறமாகப் பின்பக்கம் இன்னொன்று. முட்டி பிசகிய நொடியில் இந்த இரண்டு இடங்களும் ஒன்றோடொன்று மோதியிருக்கின்றன. முறிவு இல்லை, உள்காயம். இந்த ஜோடித் திட்டு இருந்தால் ஏசிஎல்லை ரேடியாலஜிஸ்ட், அதாவது ஸ்கேன் படங்களைப் படிக்கும் டாக்டர், மறுபடியும் உற்றுப் பார்ப்பார். காயம் எப்படி ஏற்பட்டது என்பதையே எலும்பு காட்டிக்கொடுக்கிறது. கீழ்க்கால் எலும்பு முன்னால் நகர்ந்து நிற்பதும், அதனால் பிசிஎல் வழக்கத்தைவிட அதிகமாக வளைந்து தெரிவதும் கூடுதல் தடயங்கள்.

பக்கவாட்டு லிகமென்ட்களை முன்னிருந்து பார்க்கும் படத்தில் பார்ப்பார்கள். உள்பக்க லிகமென்ட்டைச் சுற்றி நீர் மட்டும் இருந்தால் லேசான காயம். இழை முழுவதும் அறுந்திருந்தால் மூன்றாம் நிலை, அதாவது மிகக் கடுமையான காயம்.

சிக்கல் ஏசிஎல் பாதி கிழிந்திருக்கும்போதுதான். இழைகள் கொஞ்சம் இருக்கின்றன, கொஞ்சம் இல்லை. படத்தை மட்டும் வைத்து அடித்துச் சொல்ல முடியாது. அப்போது டாக்டர் முட்டியை லேசாக மடக்கி, கீழ்க்காலைத் தன் கையால் முன்னால் இழுத்துப் பார்ப்பார். எவ்வளவு நகர்கிறது, கடைசியில் 'டக்' என்று நிற்கிறதா, தொளதொளவென்று போகிறதா என்பது கைக்குத் தெரியும். அதனால் டாக்டரிடம் போகும்போது ரிப்போர்ட் தாளை மட்டும் நீட்டாதீர்கள். படங்கள் உள்ள சிடியையும் கொண்டுபோங்கள். கால் எந்தப் பக்கம் திரும்பியது, முட்டி எப்படி மடங்கியது என்பதையும் மறக்காமல் சொல்லுங்கள்.