தங்கையின் பங்கும் தவக்கால ஒப்புரவும்

எல்லோருக்கும் வணக்கம். இயேசுவுக்கே புகழ். கருமத்தம்பட்டி ஜெபமாலை அன்னை பேராலய வளாகத்தில் ஒரு மர நிழலில் உட்கார்ந்து பேசுகிறேன். அவிநாசி சாலையில் போகும் வண்டிகளின் சத்தம் குறுக்கே வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலம் நடக்கிறது. புனித வாரம் நெருங்க நெருங்க, செய்த பாவங்களைக் குருவானவரிடம் சொல்லி மன்னிப்புப் பெறும் ஒப்புரவு அருட்சாதனத்துக்கு வரிசை நீண்டுவிடும். எங்கள் பாட்டிமார் அதைப் பாவசங்கீர்த்தனம் என்றுதான் சொல்வார்கள். ஆண்டுக்கு ஒருமுறையாவது செய்ய வேண்டும் என்ற ஒழுங்கை 1215-இல் ஆயர்கள் கூடிய நான்காம் லாத்தரன் பொதுச்சங்கம் வகுத்தது. கனமான பாவங்களைப் பொறுத்தவரை இன்றும் திருச்சபைச் சட்டம் அதையே கேட்கிறது.

முதலில் ஒரு பயத்தைப் பேசிவிடலாம். "பங்குச் சாமியார் எங்கள் வீட்டுக்கு வந்து சாப்பிடுகிறவர், அவரிடம் போய் எப்படிச் சொல்வது?" என்று பலர் தயங்குகிறார்கள். பக்கத்து ஊரெல்லாம் சொந்தபந்தமாக இருக்கும் நம் பக்கத்தில் இந்தத் தயக்கம் எனக்குப் புரிகிறது. குருவானவர் கேட்டதை எந்தக் காரணத்துக்காகவும் வெளியே சொல்லக் கூடாது. நேரடியாக மீறினால் அவர் திருச்சபைக்கே வெளியே தள்ளப்படுவார், அவ்வளவு கடுமையான சட்டம். அதற்கு மேலும் கூச்சம் இருந்தால் வேறு பங்குக்குப் போங்கள், இங்கே வாருங்கள். யாரும் உங்கள் பெயரைக் கேட்க மாட்டார்கள்.

இனி நான் பேச வந்த விஷயம். பாவசங்கீர்த்தனத்துக்கு முன் நம் பாவங்களை நினைத்துப் பார்த்து ஆன்மச் சோதனை செய்யும்போது நம் மனத்தில் முதலில் என்ன வருகிறது? கோபப்பட்டேன், பொய் சொன்னேன், ஞாயிறு பூசைக்குப் போகவில்லை, கெட்ட எண்ணம் வந்தது. எல்லாம் சரி. ஆனால் தங்கையை சார்பதிவாளர் அலுவலகத்துக்கு அழைத்துப்போய் சொத்தில் அவள் பங்கை விட்டுக்கொடுப்பதாக விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கினோமே, அது வருகிறதா? "கல்யாணத்துக்குத்தான் நகை போட்டாகிவிட்டதே" என்று அண்ணன் தம்பிகள் சமாதானம் சொல்லிக்கொள்கிறார்கள். தங்கையும் பிறந்த வீட்டு உறவு அறுந்துவிடுமோ என்று பயந்து கையெழுத்துப் போடுகிறாள். 1925-ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின்படி, உயில் எழுதாமல் இறந்த கிறிஸ்தவத் தந்தையின் சொத்தில் மகனுக்கும் மகளுக்கும் சமபங்கு. மனமுவந்து விட்டுக்கொடுப்பவர்களைப் பற்றி நான் பேசவில்லை. அழ வைத்து வாங்கிய கையெழுத்தைப் பற்றிப் பேசுகிறேன். அவள் பங்குக் காட்டில், அதாவது அந்த நிலத்தில், விளைந்ததைச் சாப்பிட்டுக்கொண்டு, கோபப்பட்டதற்கு மட்டும் மன்னிப்புக் கேட்கிறோம். என் மனம் இதை ஏற்க மறுக்கிறது.

தங்கை மட்டுமா? இங்கிருந்து சோமனூர் வரைக்கும் விசைத்தறிச் சத்தம் கேட்காத தெருவே குறைவு. தறி ஓட்டுகிறவரின் கூலியில் பிடித்தது, திருப்பூரில் ஒன்றரை ஷிப்ட் வேலை வாங்கிவிட்டு சனிக்கிழமை ஒரு ஷிப்ட் சம்பளம் கொடுத்தது, மஞ்சள் மூட்டையை எடை போடும்போது குறைத்தது, வரப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளி வெட்டியது. இவற்றையெல்லாம் தொழில் என்று சொல்லிப் பழகிவிட்டோம்.

லூக்கா 19-ஆம் அதிகாரத்துக்கு வாருங்கள். எரிகோவில் சக்கேயு. வரிதண்டுவோருக்குத் தலைவர், பெரிய செல்வர், ஊரே வெறுத்த மனிதர். குள்ளமானவர் என்பதால் அத்திமரத்தில் ஏறி நிற்கிறார். இயேசு அண்ணாந்து பார்த்து, பெயர் சொல்லிக் கூப்பிட்டு, இன்று உன் வீட்டில்தான் தங்க வேண்டும் என்கிறார். இந்த வரிசையைக் கவனியுங்கள். சக்கேயு இன்னும் ஒரு காசு கூடத் திருப்பிக் கொடுக்கவில்லை. மனம் வருந்தி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. அதற்குள் ஆண்டவர் அவர் வீட்டு விருந்தாளி ஆகிவிட்டார். அதற்குப் பிறகுதான் சக்கேயு எழுந்து நின்று பேசுகிறார்: சொத்தில் பாதி ஏழைகளுக்கு, ஏமாற்றி வாங்கியது எதுவானாலும் நான்கு மடங்காகத் திரும்பக் கொடுக்கிறேன்.

நான்கு மடங்கு எவ்வளவு பெரிது என்பது எண்ணிக்கை நூல் 5-ஆம் அதிகாரத்தைப் படித்தால் தெரியும். பிறருக்குத் தீங்கு செய்தவர் பாவத்தை அறிக்கையிட வேண்டும், முழுத் தொகையையும் திருப்பித் தர வேண்டும், அதோடு ஐந்தில் ஒரு பங்கு கூட்டித் தர வேண்டும். இதுதான் மோசேயின் சட்டம். அறிக்கையும் திருப்பித் தருவதும் ஒரே கட்டளையில் சேர்ந்தே இருக்கின்றன. சக்கேயு அதற்கும் மேலே போனார். அவரை யாரும் கட்டாயப்படுத்தவில்லை. வீட்டுக்குள் ஆண்டவர் வந்த பிறகு அடுத்தவர் பணம் அவருக்குச் சுமையாகிவிட்டது.

இதைக் கேட்டுவிட்டு, பணத்தைத் திருப்பிக் கொடுத்தால்தான் கடவுள் மன்னிப்பார் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். நான் அப்படிச் சொல்லவில்லை. இயேசு சொன்ன உவமையில், அப்பாவின் சொத்தில் தன் பங்கை வாங்கி அழித்த ஊதாரி மகன் பன்றித் தொழுவத்தில் உட்கார்ந்து அப்பாவிடம் சொல்ல ஒரு பேச்சைத் தயார் செய்கிறான். பாவம் செய்தேன், இனி உம் மகன் என்று சொல்லத் தகுதியில்லை, என்னை ஒரு கூலியாளாக வைத்துக்கொள்ளும். இவைதான் அவன் சொல்ல நினைத்தவை. வீட்டுக்கு வந்து முதல் இரண்டையும் சொல்கிறான். மூன்றாவதைச் சொல்ல அப்பா விடவே இல்லை. அதற்குள் நல்ல உடை கொண்டுவாருங்கள் என்று வேலைக்காரர்களிடம் சொல்லிவிட்டார். உழைத்துக் கடனைத் தீர்க்கிறேன் என்று வந்தவனை அவர் மகனாகவே உள்ளே அழைத்துக்கொண்டார். இந்த இடத்தைப் படிக்கும்போதெல்லாம் எனக்குக் கண் கலங்கும். கடவுளின் மன்னிப்பு இப்படிப்பட்டது. அதற்கு நம்மால் விலை கொடுக்க முடியாது.

ஆனால் அந்த மன்னிப்பு தங்கையின் பங்கை எனக்கு எழுதிக் கொடுத்துவிடவில்லை. கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல், எண் 1459, இதை நேராகவே சொல்கிறது: மன்னிப்பு பாவத்தைப் போக்குகிறது, பாவத்தால் வந்த கேடுகள் அனைத்தையும் சரிசெய்துவிடுவதில்லை. திருடியதைத் திருப்பித் தர வேண்டும், கெடுத்த பெயரை மீட்டுத் தர வேண்டும், காயப்படுத்தியவருக்கு ஈடு செய்ய வேண்டும். சாமியார் பரிகாரமாகச் சொன்ன மூன்று "அருள் நிறைந்த மரியே" செபத்தைப் பீடத்தின் முன் சொல்லி எழுந்ததும் எல்லாம் முடிந்தது என்று வீட்டுக்குப் போவது எனக்குச் சரியாகப் படவில்லை.

ஈரோடு பிரப் நினைவு ஆலயத்தைப் போன்ற சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபைகளைச் சேர்ந்தவர்களும் இதைப் பார்ப்பீர்கள். உங்கள் ஆராதனையில் சபையார் எல்லோரும் சேர்ந்து பாவ அறிக்கை செய்கிறீர்கள், குருவானவரிடம் தனியாகப் போவது வழக்கமில்லை. அந்த வேறுபாட்டை இங்கே விவாதிக்கப் போவதில்லை. சக்கேயு உங்கள் வேதாகமத்திலும் இருக்கிறார்.

கடைசியாக, நடைமுறையில் எழும் கேள்விகள். நேரில் போய்ச் சொன்னால் மானம் போய்விடும் என்றால்? பணம் உரியவரிடம் சேர வேண்டும் என்பதே முக்கியம். யார் கொடுத்தது என்று தெரியாமலும் சேர்க்கலாம், திருச்சபையின் மரபு அதை அனுமதிக்கிறது. மொத்தமாகக் கொடுக்க வசதியில்லையா? தவணையாகக் கொடுங்கள், இந்த மாதமே தொடங்குங்கள். உரியவர் இறந்துவிட்டாரா? அவருடைய பிள்ளைகளுக்குக் கொடுங்கள். வாரிசே இல்லையென்றால் ஏழைகளுக்குக் கொடுங்கள். தங்கையின் காடு மட்டும் மறைவாகத் திருப்பித் தரக்கூடியதல்ல. அதற்குப் பத்திரம் எழுத வேண்டும், அவள் முகத்தைப் பார்க்க வேண்டும். ஈஸ்டருக்கு அவளையும் பிள்ளைகளையும் வீட்டுக்கு அழைக்கப் போகிறீர்கள் அல்லவா, அதற்கு முன்னால் ஒரு நல்ல பத்திர எழுத்தரைப் பார்த்துவிட்டு வாருங்கள்.